ஜப்பான் கம்பெனி கேட்டில் பழத்தட்டு

கும்மிடிப்பூண்டி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் தாவீது அவர்களுக்கு, உங்கள் தங்கை முத்தம்மாவின் வீட்டுக்காரன் மோசஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். திருவள்ளூரில் நீங்களும் அக்காவும் சுகம்தானே? நீங்கள் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் ஐயாவுக்கு முதுகுவலி தேவலையா? இங்கே நாங்கள் எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நிலைமை அப்படி இல்லை. தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள். நம் பெண் ஹெலன் மேல் கேஸ் போடுவோம் என்று ஜப்பான் கம்பெனி ஒன்று மிரட்டியிருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் சிரித்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம்.

உங்கள் மருமகள் சின்ன வயதில் ஒரு வீடியோ கேமைக் கட்டிக்கொண்டு அழுவாளே, குடை பிடித்த தவளை ஒன்று தாவித் தாவிப் போகுமே, அதேதான். அந்தத் தவளை கிணற்றில் விழுவதோடு கம்பெனிக்காரன் கதையை நிறுத்திவிட்டானாம், அடுத்த பாகம் வரவேயில்லையாம். இவள் வேலைவிட்டு வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வருஷக்கணக்காகத் தானே அடுத்த பாகத்தைச் செய்து, தவளையை வெளியே எடுத்து, இன்டர்நெட்டில் ஊருக்கெல்லாம் இனாமாகக் கொடுத்திருக்கிறாள். பெண் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நான் ஃபேனை வேறு அவள் பக்கம் திருப்பி வைத்தேன். கம்பெனி வக்கீல்களிடமிருந்து மெயில் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.

"துட்டு வாங்குனியாம்மா?" என்றேன்.

"ஒரு பைசா வாங்கலப்பா. சும்மாதான் குடுத்தேன்."

"அப்புறம் அவனுக்கு இன்னா பேஜாரு?"

"தவளை அவங்களுது, பேரு அவங்களுது, மியூசிக்கும் அவங்களுது. சும்மா குடுத்தாலும் தப்புதான்பா. எடுக்கலன்னா கேஸ் போடுவாங்க."

இனாமாகக் கொடுத்தால் குற்றமா! அடுத்தவன் பெயரைப் போட்டு அன்னதானம் செய்தாலும் பிடித்துப் போவார்களா?

எங்கள் தொழிற்பேட்டை வழக்கம் உங்களுக்குத் தெரியும். கம்பெனியோடு தகராறு என்றால் எழுத்தில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம். பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேராக கேட்டில் போய் நிற்போம், எச்ஆர் வருவார், டீ வரும், பேசி முடிப்போம். அதனால் ஹெலனிடம்கூடச் சொல்லாமல் பாஸ்டர் ராஜமாணிக்கத்தைக் கூட்டிக்கொண்டு, பழத்தட்டும் பிளம் கேக்கும் எடுத்துக்கொண்டு, பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜப்பான் கம்பெனிக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஜப்பான் கம்பெனி அது ஒன்றுதான். கேட்டில் இருந்த செக்யூரிட்டி சந்திரமோகன் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பொண்ணு பாக்க வந்துகிறீங்களா? உள்ள எல்லாம் ஆம்பளைங்கதான்" என்று நக்கல் பேசினான். மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். மன்னிப்பு என்றதும் பயந்துபோய் உள்ளே போன் போட்டுவிட்டான்.

ஜப்பான் மேனேஜரே வந்தார், கூட மொழிபெயர்க்கிற பெண் நந்தினி. அவர் குனிந்தார். மரியாதைக்கு நான் அவரைவிடக் குனிந்தேன். அவர் என்னைவிடக் குனிந்தார். எல்லாரும் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்த பாஸ்டர், சரி ஜெபம்தான் என்று கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டார். கம்பெனி உற்பத்திக்கு, தொழிலாளர் குடும்பங்களுக்கு, கடைசியில் கிணற்றில் விழுந்த தவளைக்கு. சந்திரமோகன் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஆமென் சொல்லி, கேக்கை வெட்டி, ஆளுக்கொரு துண்டு வாயில் போட்ட பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். நந்தினி மென்றுகொண்டே, "சார், இது காருக்கு ரப்பர் ஓஸ் பைப் பண்ற கம்பெனி. கேம் பண்றவங்க வேற. ஜப்பான்ல நெறைய கம்பெனி கீது சார்" என்றாள். "கேக்கை வெட்றதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதாம்மா?" என்றார் பாஸ்டர்.

அதோடு விட்டதா? காட்டுவதற்காக என் போனில் எடுத்து வைத்திருந்த தவளைப் படத்தை மேனேஜர் பார்த்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நந்தினி சொன்னாள், "சின்ன வயசுல இவரும் ஆடுனாராம். உங்க பொண்ணு தவளைய வெளிய எடுத்துட்டாங்களான்னு கேக்குறாரு. அவருக்கு ஒரு காப்பி கெடைக்குமாம்." மச்சான், ஒரு ஜப்பான்காரன் காப்பி எடுத்தால் ஜெயில் என்கிறான், இன்னொரு ஜப்பான்காரன் காப்பி கொடு என்கிறான். நான் யாருக்குப் பதில் சொல்வது? தட்டை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் ஹெலன் எல்லாவற்றையும் நெட்டிலிருந்து எடுத்துவிட்டு, அணைத்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என் பெண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சனியன் ஒழிந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் மறுநாளே, "பேரும் மூஞ்சியும்தான்பா அவங்களுது. தாவுறது, ஓடுறது யாருக்கும் சொந்தமில்ல. நானே புதுசா ஒண்ணு பண்றேன்" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள்! ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற உரிமையில் நாலு அதட்டுப் போட்டு, இந்த வேலையே வேண்டாம் என்று நிறுத்த வேண்டும். அடுத்தவர் பொருளில் கைவைத்த குடும்பம் என்ற பேச்சு நமக்கு வேண்டாம். நோட்டீஸ், கேஸ் என்ற வார்த்தையே இனி இந்த வீட்டில் கேட்கக் கூடாது.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு முத்தங்களும். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட
மோசஸ்

பி.கு.: இந்தக் கடிதம் போஸ்ட் பண்ண மறந்து மாதக்கணக்கில் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. அதற்குள் நிலவரம் மாறிவிட்டது. ஹெலன் புது கேமை வெளியிட்டுவிட்டாள். அதில் மீசை வைத்த ஒரு ஆள் டிபன் பையோடு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தாவி, சங்கு ஊதுவதற்குள் ஷிப்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் "இன்னாடா இது பேஜாரு!" என்று கத்துகிறான். மச்சான், அது நான்! என் மூஞ்சி, என் குரல், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிர்ச்சியில் ஆடிப் பார்த்தேன், ரயில்வே கேட்டைத் தாண்ட முடியவில்லை, இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். ரப்பர் ஓஸ் மேனேஜர் தாண்டிவிட்டாராம். அது போகட்டும். பொன்னேரியில் மொபைல் கடை வைத்திருக்கும் சரவணன் என்பவன் என் மூஞ்சியைப் போன் கவரில் அச்சடித்து விற்கிறான், அதுவும் மீசையைச் சின்னதாக்கி! என் பெண் ராப்பகலாக உழைத்து வரைந்த மூஞ்சி, அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? ஆகவே அவளை அதட்ட வர வேண்டாம், வக்கீல் ஐயாவின் லெட்டர்பேடோடு வாருங்கள். நோட்டீஸ் காரசாரமாக இருக்க வேண்டும். ஜப்பான் கம்பெனி வக்கீல்கள் அனுப்பிய மெயிலை அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். அதையே ஒரு வரி விடாமல் அப்படியே காப்பி எடுத்து, பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.