பினாயில் ஊற்றிய தலைப்பொங்கல்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது பொங்கலையே நிறுத்தியது.

ஐம்பத்தேழில் எங்கள் நாடு சுதந்திரம் அடைந்தபின் வந்த முதல் தை. எனக்குத் தலைப்பொங்கல் வேறு. காஜா பேராங் என்ற ஊரில் வாடகை வீடு, பின்பக்கம் இரண்டு பசுக்கள், தலை நிறைய விஞ்ஞானம். (ஏதோ பத்திரிகையில் படித்த அரைப்பக்கம்தான்.) சாணியைத் தண்ணீரில் கரைத்துத் பீப்பாய் போன்ற தகரத் தோம்பில் காற்றுப் புகாமல் மூடிவைத்தேன். உள்ளே கிருமிகள் சாணியைத் தின்று வாயு விட, அது குழாய் வழியே அடுப்புக்கு வந்து நீலமாக எரிந்தது!

"புல்லு மாட்டுக்குள்ள போவுது, சாணியாவுது, அடுப்புல எரியுது, காத்துல கலந்து மறுபடியும் புல்லுக்கே போவுது," என்று மனைவி சரசுவுக்குப் பாடம் நடத்தினேன்.

"அப்ப எல்லாத்தையும் மாடும் கிருமியும் பாத்துக்குது. நீங்க எதுக்குங்க?"

பக்கத்து ஊரான செமாபோக்கிலிருந்து மாமனார் சீரோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். "சாணிக் காத்துல பால் பொங்கலைன்னா அந்தத் தோம்பை உருட்டிக்கிட்டுப் போய்க் கடல்ல தள்ளிடுவேன்" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

அவர் மூக்கு பொல்லாதது. அதனால் முந்தின வாரமே மாட்டுக்கொட்டகையைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். சாணி கலந்த தண்ணீரை வீணாக்குவானேன் என்று அதையும் தோம்புக்குள் விட்டேன். நாற்றம் போகட்டுமே என்று மிச்சப் பினாயிலையும் சேர்த்தேன். வாயுவைச் சேமிக்க, பொங்கல்வரை அடுப்பைத் தொடவே இல்லை.

பானை ஏறியது. சுடர் வந்தது. மாமனார் புருவத்தை உயர்த்தினார். நான் மீசையைத் தடவினேன். பாலில் ஆடை படியும் நேரம், சுடர் ஒருமுறை விக்கி அணைந்தது. தோம்பைத் தட்டினேன், குழாயை ஆட்டினேன், கிருமிகளிடம் கெஞ்சினேன். தலைப்பொங்கலில் பால் பொங்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனார் குனிந்து மோந்தார். "பினாயில் வாடை வருதே?"

நடந்ததைச் சொன்னேன்.

"வேலைக்காரனுக்கு வெசத்தை வச்சிட்டு, வேலை நடக்கலையேன்னா எப்படி மாப்பிள்ளை?"

சரசு பானையைத் துணியால் பிடித்துப் பின்பக்கம் கொண்டுபோனாள். அங்கே அவள் காலையிலேயே மூட்டிவைத்த கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. (புருஷன்மேல் அவ்வளவு நம்பிக்கை!) பால் பொங்கியபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் நான்தான்.

மாமனார் சொன்னபடியே தோம்பைக் காலி செய்து உருட்டிக்கொண்டு போனார். ஆனால் கடலில் தள்ளவில்லை. அடுத்த தைக்கு அவர் வீட்டுப் பால் அதில் வந்த சாணி வாயுவில்தான் பொங்கியது.

இப்போது எங்கள் வீட்டில் சிலிண்டர். அது தீரும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து சரசுவின் குரல் வரும்:

"என்னாங்க, பினாயிலைத் தொட்டீங்களா?"