எனக்காக ரவியண்ணை சொன்ன ஓம்

எங்கட ஆக்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் கால் முறிந்து கிடந்தாலும் ஊருக்கு "நல்ல சுகம்" என்றுதான் எழுதுவோம். ஊரில் பக்கத்து வளவில் ஷெல் விழுந்தாலும் அவர்களும் "நாங்கள் நல்ல சுகம்" என்றுதான் பதில் போடுவார்கள். எண்பதுகளில் இப்படி மாறி மாறிப் பொய் சொல்லித்தான் நாங்கள் பாசம் காட்டினோம். அந்தப் பொய்களில் ஒன்று கொஞ்சம் பெரிதாகப் போனதில், நான் வாயே திறக்காமல் எனக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது.

அப்போது நான் சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். எதை விழுங்கினாலும் வலப்பக்கத் தொண்டையில் குத்தும். தலையைத் திருப்பினால் காதுவரைக்கும் இழுக்கும். என்னோடு ஒரே அறையில் இருந்தவர் ரவியண்ணை, அதே குசினியில் மரக்கறி வெட்டுகிறவர். (ஊரில் ஒரு டிஸ்பென்சரிக்குப் பக்கத்து வீடாம். அதனால் வைத்தியமும் தெரியுமாம்.)

"மீன் முள்ளடா. சோத்தை உருட்டி மெல்லாமல் விழுங்கு," என்றார்.

விழுங்கினேன். மாதக்கணக்காக விழுங்கினேன். முள் இருந்த இடத்திலேயே இருந்தது, வயிறுதான் முன்னுக்கு வந்தது. குசினியில் என்னை வேலைக்கள்ளன் என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கே என்னில் சந்தேகம் வந்துவிட்டது.

கடைசியாக பேர்ணில் ஒரு டொக்டர், என் வாய்க்குள் விரலை விட்டு உள்நாக்குக்குப் பக்கத்தில் ஓரிடத்தை அழுத்தினார். நான் போட்ட சத்தத்துக்கு வெளியில் இருந்த நோயாளிகள் எழும்பிப் போயிருப்பார்கள். டொக்டருக்கோ பெரிய சந்தோஷம். எக்ஸ்ரேயைக் காட்டி விளங்கப்படுத்தினார். காதுக்குக் கீழே எல்லோருக்கும் முள்ளுப்போல ஒரு சின்ன எலும்பு இருக்கிறதாம். எனக்கு அது அளவுக்கு மிஞ்சி நீண்டு தொண்டையைக் குத்துகிறதாம். அதற்கு ஈகிள் சின்ட்ரோம் என்று பேர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோய் பெரிதென்று இல்லை, வருத்தம் உண்மை என்று ஒருவர் சொன்னாரே, அதற்காக.

"ஈகிள் எண்டால் கழுகல்லோ? தொண்டைக்குள்ள கழுகு என்னெண்டு போனது?" என்று ரவியண்ணைதான் பயந்துபோனார்.

எலும்பை வெட்டிக் குறைக்க இரண்டு வழி என்றார் டொக்டர். கழுத்தில் வெளியால் வெட்டலாம், தழும்பு இருக்கும். வாய்க்குள்ளால் வெட்டலாம், தழும்பு தெரியாது. ஆனால் தொண்டை வீங்கும், கொஞ்ச நாளைக்கு வாயே திறக்கக்கூடாது. நான் யோசிக்காமல் வாய் என்றேன். (அந்த வயதில் என் கழுத்தை ஆரோ பார்க்கக் காத்திருக்கினம் என்று நினைப்பு.)

டொக்டர் தந்த நாளோடு வீட்டுக்கு வந்தால், ரவியண்ணை சுவரில் தொங்கின தமிழ்க் கலண்டரைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார்.

"அட்டமியடா! அட்டமியில ஆரும் கத்தி வைப்பினமோ? விசரே உனக்கு?"

நானும் அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், அந்த நாள் சந்திரனுக்குச் சரியில்லை என்று சொன்னேன். மேசையில் இருந்த மனுசி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு நாள் தந்தாள். அருமையான நாள். நல்ல திதி, நல்ல நட்சத்திரம். ஒரே ஒரு பிழை. அதற்கு அடுத்த ஞாயிறு நான் அம்மாவுக்கு ஃபோன் எடுக்க வேண்டிய நாள். அதை ஒப்பரேசன் முடிந்து படுத்திருக்கும்போதுதான் யோசித்தேன்.

அந்த ஃபோனைத் தள்ளிப்போடவே ஏலாது. என் குரலைக் கேட்பதற்காக அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, வழியெல்லாம் செக்கிங்கில் இறங்கி ஏறி, கொழும்பு வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டுக்கு வந்து காத்திருப்பா. ஃபோன் வராவிட்டால் அவவுக்கு உயிரே போய்விடும். ஒப்பரேசன் என்று சொன்னாலும் போய்விடும். எனக்கோ வீட்டுக்கு வந்தும் சத்தம் வரவில்லை, ஐஸ்கிரீம் மட்டும்தான் இறங்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் கரண்டியை விழுங்கினபோது வெட்டின புண் நொந்ததே தவிர, அந்தப் பழைய குத்து இல்லை. அழுதுவிட்டேன்.

"நீ பயப்பிடாதை, நானே நீயாக் கதைக்கிறன். சளி, தடிமன் எண்டு சொன்னால் முடிஞ்சுது," என்றார் ரவியண்ணை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஃபோன் எடுத்தார். அம்மா ஃபோனில் கதைப்பது கொழும்பிலிருந்து ஃபோனில்லாமல் நேரே கூப்பிடுவது மாதிரி இருக்கும். அறை முழுக்கக் கேட்டது.

"மோனை, சுகமே?"

"ஓம் அம்மா. கொஞ்சம் தடிமன்."

"சாப்பிட்டியே?"

"ஓம் அம்மா."

"குளிருக்குக் காதைக் கட்டுறனியே?"

"ஓம் அம்மா."

அவருக்கு அது பாட்டாக வந்துவிட்டது. அம்மா கொஞ்சம் நிறுத்தினா.

"அப்ப அந்தக் கோப்பாய்ப் பொம்பிளைக்கு ஓம் எண்டு சொல்லட்டே?"

"ஓம் அம்மா."

ஐயோ! ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சாட்டுச் சொல்லி நான் தட்டிக் கழித்துவந்த சம்பந்தம் அது. கட்டிலிலிருந்து பாய்ந்தேன். கையைக் காட்டினேன், தலையணையால் எறிந்தேன். வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

ரவியண்ணை ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "நோகுதோடா? ஐஸ்கிரீம் எடுத்து வாயில வை," என்றார். அதற்குள் அம்மா, "சந்தோசம் ராசா," என்று வைத்துவிட்டா. எனக்குக் குரல் திரும்பின நேரம் அங்கே வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்த வாக்கை மாற்றினால் ஒரு பெண்பிள்ளையின் பேரல்லவோ கெட்டுப்போகும்?

அந்தக் கோப்பாய்ப் பொம்பிளை, வசந்தி, சூரிச்சில் வந்து இறங்கினாள். "பயணம் எல்லாம் எப்பிடி?" என்று கேட்டேன். வாய்விட்டு அழத் தொடங்கிவிட்டாள். போச்சடா, ஆளைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

கொஞ்ச காலத்துக்குப் பிறகு, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் காரணத்தைச் சொன்னாள்.

"மாமிக்கு அந்த ஃபோன் வந்த அண்டைக்கே தெரியும். 'என்ர பிள்ளை ஒரு கேள்விக்கும் உடனே ஓம் சொல்லமாட்டான். கதைச்சது அவன் இல்லை. அவனுக்கு ஏதோ நடந்து, வாய் பேசேலாமல் கிடக்கிறான், எனக்கு மறைக்கிறாங்கள். நான் கேட்டால் இன்னும் மறைப்பாங்கள். அவனுக்குப் பக்கத்தில ஒரு ஆள் வேணும். அதுதான் உன்னைக் கேட்டனான். ஏலாதெண்டால் இப்பவே சொல்லு பிள்ளை' எண்டு என்னைத் தனியக் கூப்பிட்டு அழுதவ."

"தெரிஞ்சுமோ நீ வந்தனீ?"

"ஓம். வாய் பேசாட்டிலும் பறவாயில்லை, பாப்பம் எண்டுதான் வந்தனான்."

நான் எழும்பி வெளியில் போய் நின்றேன். ஒப்பரேசன் பற்றி அம்மாவிடம் கடைசிவரை நான் சொல்லவுமில்லை, அவ கேட்கவுமில்லை. இரண்டு பேரும் நல்ல சுகமாகவே இருந்தோம்.

இப்போது எனக்குப் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். அப்போதெல்லாம் வசந்தி பிள்ளைகளைப் பார்த்து ஒரே வசனம்தான் சொல்லுவாள்.

"ஊமை எண்டு நம்பியல்லோ இந்த மனுசனைக் கட்டினனான்!"