கவுண்ட்டர் லாத்தாவும் சாகாத காவலாளும்

காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களில் கவுண்ட்டர் லாத்தா அளவுக்கு மனிதர்களைக் குழப்பியவர் இதுவரை பிறக்கவில்லை. இனி பிறந்தாலும் அவரிடம் வந்து கற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

தஞ்சாவூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் நாங்கள் இருந்தோம். நான் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். சொந்த ஊர் நாகூர். அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள், அது சரி. முன்னால் ஒட்டிக்கொண்ட கவுண்ட்டர்தான் வினை.

லாத்தா போனில் சீட்டு விளையாடுவார். "ரம்மியா?" என்று நான் கேட்டுத் தொலைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ராஜா, ராணிக்குப் பதிலாக அந்தச் சீட்டுகளில் பூதம், பறவை, காவலாள் என்று யார் யாரோ இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சக்தி. சீட்டின்மேல் வைக்கும் வில்லைக்குப் பெயர் கவுண்ட்டர்.

"பச்சை வில்லை வச்சா பலம் ஒண்ணு கூடும். கருப்பு வச்சா வாடல், பலம் ஒண்ணு குறையும். புரியுதாடி?"

"புரியுது லாத்தா."

"எதிராளி சீட்டு எறக்கும்போதே குறுக்க பூந்து, செல்லாதுன்னு அடிக்கலாம். அதுக்கும் கவுண்ட்டர்னுதான் பேரு."

"ரெண்டுக்கும் ஒரே பேரா?"

"பேருதான் ஒண்ணு. ரெண்டும் வேற வேற."

நான் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

"இப்பப் பாரு. ஒரு சீட்டு, வர்ற வில்லைய ரெட்டிப்பாக்கும். இன்னொண்ணு, கூட ஒண்ணு சேக்கும். ரெண்டும் எங்கிட்ட இருக்கு. ஒரு வில்லை வச்சா மொத்தம் எத்தனை?"

"மூணு."

"நாலும் வரும். ரெட்டிப்பாக்கிட்டு சேத்தா மூணு, சேத்துட்டு ரெட்டிப்பாக்கினா நாலு."

"எதை முதல்ல பண்றதுன்னு யாரு முடிவு பண்றது?"

"நாந்தான்."

"அப்ப மூணு வர்ற மாதிரி எவ பண்ணுவா?"

லாத்தா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நீ ஒருத்திதான்டி கேள்வி கேக்குறே!" நான் கேட்டது கேள்வியே இல்லை, அலறல்.

வாயால் சொல்லி ஏறவில்லை என்றதும் ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினார். காலை இட்லி நேரத்தில் எங்களையே சீட்டுகளாக உட்கார வைத்து, கன்னத்திலும் நெற்றியிலும் பச்சை, கருப்பு என்று ஒட்டுவார். ஒருநாள் கன்னம் நிறையக் கருப்புப் பொட்டோடு நான் அலுவலகம் போய்விட்டேன். மேனேஜர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் வேண்டுதலாம்மா?" என்றார்.

எங்கள் வார்டனம்மாவுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் வயல் உண்டு. ஒருநாள் லாத்தா போனைப் பார்த்துக்கொண்டே, "ஐயையோ, வாடல் விழுந்துருச்சே!" என்றது அவர் காதில் விழுந்துவிட்டது.

"தண்ணி தேங்கி நின்னுச்சா? வடிய விட்டுட்டு மருந்து அடிக்கச் சொல்லு."

"மருந்தெல்லாம் வேணாங்கம்மா. பச்சை வச்சா கருப்பு அழிஞ்சிரும்."

"அப்படிச் சொல்லு! பச்சைத் தழைய வயல்ல மிதிச்சு விட்டா எல்லாம் சரியாப் போவும்."

இருவரும் சாம்பார் ஆறும்வரை பேசினார்கள். "படிச்ச புள்ளைங்கள்ல இவளுக்குத்தான் விவசாயம் தெரியுது" என்று வார்டனம்மா பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் லாத்தாவுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். முதலில் வந்தவர், லாத்தா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். "எங்கே, திருப்பிச் சொல்லுங்க" என்று லாத்தா கேட்டார். சம்பந்தம் அதோடு முடிந்தது. அடுத்தவர் தலையை ஆட்டியபடியே கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் முடிந்தது.

அதற்கடுத்து வந்தவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். லீவில் வந்திருந்தார். துணைக்கு நானும் நாகூர் போனேன். லாத்தாவின் உம்மா அடுக்களையில் வைத்தே எச்சரித்தார்: "இந்தத் தடவை அந்தக் கவுண்ட்டர் பேச்சை எடுத்தே, ஒன்னோட நான் பேசவே மாட்டேன்." வாப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது உம்மாவின் மிரட்டலைவிடக் கனமாக இருந்தது. லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்தில் பெரியவர்களுக்கு நடுவே மாப்பிள்ளை கேட்டார்: "லீவு நாள்ல என்ன செய்வீங்க?"

உம்மா இருமினார்.

"சும்மாத்தான் இருப்பேன்" என்றார் லாத்தா. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வாய் ஓயாத மனுஷி அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பிறகு நிமிர்ந்தார்.

"பொய் சொல்லிட்டேங்க."

உம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். லாத்தா தட்டில் இருந்த தம்ரூட் இனிப்புத் துண்டுகளைப் பரப்பினார். முந்திரி பலம், திராட்சை வாடல்.

"இது காவலாள். செத்தா ஒரு வாடலோட திரும்பி வரும். ஏற்கெனவே வாடல் இருந்து செத்தா வராது. பக்கத்துல இருக்கறது வைத்தியர். யாரு உள்ள வந்தாலும் ஒரு பலம் வைப்பாரு. பலமும் வாடலும் சேந்தா ரெண்டும் அழிஞ்சிரும். அப்ப காவலாள் மேல வாடலே இல்ல. மறுபடி செத்தா மறுபடி வரும்."

மாப்பிள்ளையின் மாமா அதற்குள் முந்திரியைத் தின்றுவிட்டார். "மாமா, அது கவுண்ட்டர்!" என்று கத்தினார் லாத்தா. மாமா அரண்டு, தின்றதைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் விழித்தார்.

மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியிருந்தது. நான் தஞ்சாவூர் பஸ்ஸை நினைக்கத் தொடங்கினேன்.

"எனக்கு ஒண்ணுமே புரியலங்க" என்றார் அவர். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மொதல்லேருந்து சொல்லுங்க. மெதுவா."

லாத்தா முதலிலிருந்து சொன்னார். அவருக்கு அப்போதும் புரியவில்லை. "அப்ப அந்தக் காவலாள் எப்பத்தான் சாவான்?" என்று கேட்டார். லாத்தா சிரித்த சிரிப்பில் உம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியவர்கள் மாப்பிள்ளை தர வேண்டிய மஹர் பேச ஆரம்பித்தது அவர்கள் இருவர் காதிலும் விழவில்லை.

லாத்தா இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். விடுதியில் நாங்கள் சீக்கிரமே சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம்.