பிணைப்பு சாரின் சட்டைப் பொத்தான்

மார்த்தாண்டத்தில் தங்கத்தின் மேல் ஆசைப்படாதவர்களைப் பார்ப்பது கடினம். தங்கத்துக்காகப் பரிதாபப்பட்டவர் ஒருவர்தான்: எங்கள் வேதியியல் ட்யூஷன் வாத்தியார், பிணைப்பு சார்.

ஜூன் மாதம் வேதிப்பிணைப்பு தொடங்குவார். அரையாண்டுத் தேர்வு வந்துவிடும், பிணைப்பு முடியாது. "தங்கத்துக்குத் திமிருன்னு எல்லாரும் சொல்லுவாவ. ஆக்ஸிஜன் எத்தன மட்டம் வந்து தட்டினாலும் தெறக்காதாம். அது திமிரு இல்ல மக்கா, ஆள் பாத்துப் பழகுது" என்பார்.

என் கல்யாணத்தில் வெறுங்கையோடு மணவறையில் ஏறி, என் கணவரிடம் சொன்னார். "கந்தகத்தப் பிடிச்சா தங்கம் விடாது. இழுத்தாலும் பிணைப்பு அறாது. தங்கத்துல ஒரு அணு பிஞ்சு கூடவே வந்துரும். அப்பிடி இருக்கணும்."

வாழ்த்த வந்தவர்களின் வரிசை பந்தி வரை நின்றது. மாமியார் என் காதருகே குனிந்தார். "யாரு மக்கா அது, மணவறையில நின்னு கந்தகம்ங்காரு?"

போன மாதம் என் பதினோரு மாத மகனுக்குக் காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரில் நூறு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாமியாரின் பழைய பாதரசத் தெர்மாமீட்டரை எடுத்தேன். அதிலும் நூறு. இரண்டும் தவறாக இருந்தால்? மறுபடி உதறினேன். கட்டில் காலில் பட்டு உடைந்தது. உருண்ட பாதரசத்தைப் பதற்றத்தில் கையாலேயே அள்ளினேன். விரலில் இருந்த கல்யாண மோதிரம் வெள்ளி நிறமாகிவிட்டது.

"ஏட்டி, தங்கம் வெளுத்துட்டே" என்றார் மாமியார். "தா, அடுப்புல காட்டினா சரியாவும்." மோதிரத்தை இடுக்கியில் பிடித்துக்கொண்டு போய் அடுப்பைப் பற்ற வைத்தார். மகன் அவர் இடுப்பில் இருந்தான். எனக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. சாருக்கு போன் செய்தேன்.

"அடுப்ப அணைக்கச் சொல்லு. சூடாக்கினா பாதரசம் ஆவியாப் பறக்கும், வெசம். பிள்ளைய வெளிய கொண்டு போ. ஜன்னலத் தெற. வாறேன்."

அவர் வாழ்நாளில் நடத்திய மிகச் சிறிய பாடம் அது.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்தார். கட்டிலுக்கடியில் படுத்து, மிச்சப் பாதரசத்தைக் கல்யாண அழைப்பிதழ் அட்டையால் மணி மணியாக ஒதுக்கி, குப்பியில் அடைத்தார். மோதிரத்தையும் தனிக் குப்பியில் போட்டு மூடினார்.

"மோதிரம் பழையபடி ஆவுமா சார்?"

"அதத் தெரிஞ்சவங்க செய்யணும். தங்கத்தக் குத்தம் சொல்லாத. பாதரசத்தக் கண்டா அதுக்கு அப்பிடித்தான்."

மகனை மருத்துவரிடம் காட்டினோம். பயமில்லை என்றார். நான் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் சொன்னார்.

திரும்பி வந்ததும், வாசலிலேயே காத்திருந்த சார் பிள்ளையைக் கை நீட்டி வாங்கினார். அவன் அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்தான். நான் விரல்களைப் பிரித்து இழுத்தேன். பொத்தான் வந்தது. சுற்றியிருந்த துணியும் கிழிந்து கூடவே வந்தது.

சார் கிழிசலைப் பார்த்தார். தேர்வில் நூறு எடுத்தவர்களைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. "பிணைப்பு விடல்ல, கண்டியா" என்றார்.

சட்டையைத் தைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். பொத்தான் இப்போது மகனுக்கு எட்டாத உயரத்தில், துணியோடு இருக்கிறது. சார் ஞாயிறுதோறும் அவனைப் பார்க்க வருகிறார், அதே கிழிந்த சட்டையில். அவர் பொத்தானைக் கேட்கவில்லை. நானும் கொடுப்பதாக இல்லை.