கிணற்றடியில் நின்ற மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணைப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பாஸ்போட் எடுத்து, கடல் தாண்டி, வழி முழுக்க வாந்தி எடுத்து, ரயில் மாறி ரயில் ஏறிப் போய், பெண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வடிவாகப் பார்த்துவிட்டு வந்தவன் திருகோணமலையில் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் அறியத் தாருங்கள், இரண்டு பேருமாக ஒரு சங்கம் வைக்கலாம்.)

வெள்ளைக்காரன் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன காலம் அது. நான் அங்கே சாமான் கிடங்கில் கிளாக்கர். கப்பல்கள் போயின, பின்னாலேயே எங்கள் வேலையும் போயிற்று. ஆனால் பழக்கம் போகவில்லை. விடியற்காலையில் எழும்பி, சவரம் செய்து, வெளுத்த சேட்டைப் போட்டுக்கொண்டு போய்த் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்போம். எங்களைப் போலவே நிற்கும் ஆட்களைத் தவிர அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி மலருக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. தாயின் வீடு மகளுக்குப் போகும். மாப்பிள்ளை தன் பெட்டியோடு வந்து அங்கே குடியேறுவார். ஆண்பிள்ளை பிறந்த வீட்டில் இருப்பது தனக்கு ஒரு பெண் வீடு அமையும் வரைக்கும்தான். இதில் யாருக்கும் மனக்குறை கிடையாது, எனக்கும் இருக்கவில்லை. எனக்கென்றும் எங்கோ ஒரு வீடு இருக்கிறது, அதற்குள் ஒரு பெண் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு கிடந்தேன். வேலை போன பிறகுதான், வேலையில்லாதவனுக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்காது என்பது விளங்கியது. பேசி வந்த இடங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாய் மூடின.

தை பிறந்தால் மலரின் மாப்பிள்ளை வந்துவிடுவார். என் அறைக்கு அம்மா சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினார். நான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினிக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டிலில் போட்டேன்.

"கொஞ்ச நாளைக்குத்தானே தம்பி" என்றார் அம்மா.

கொஞ்ச நாளைக்குப் பிறகு எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

அப்போதுதான் நடேசன் எழுதினான். கிடங்கில் என்னோடு வேலை செய்தவன், தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வேலை போனதும் ஊருக்குத் திரும்பி, அண்ணனின் ரைஸ் மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். மில்லில் கணக்கு எழுத ஆள் வேண்டும், நீ வா என்று எழுதியிருந்தான். அதோடு, எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள், தகப்பனார் ஓய்வுபெற்ற வாத்தியார், நல்ல மனிதர்கள், சொந்த ஓட்டு வீடு என்றும் எழுதியிருந்தான். ஒரு குடும்பத்தின் மதிப்பைச் சொல்ல அவன் எழுதிய கடைசி மூன்று சொற்களை நான் என் புது விலாசமாகவே எடுத்துக்கொண்டேன். பெண்ணின் பெயர் காமாட்சி என்பது அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது.

துணைக்குச் செல்லையா மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மேசன். தளத்தில் வெள்ளைக்காரத் துரைமாருக்கு வீடு கட்டிய கை என்று தன் கையைத் தானே அடிக்கடி பார்த்துக்கொள்வார்.

"நீ பெம்பிளையைப் பார், நான் சுவரைப் பாக்கிறன்" என்றார். "பெம்பிளை பரவாயில்லை எண்டு சமாளிக்கலாம். சுவர் பரவாயில்லை எண்டு சமாளிக்க ஏலாது."

(இதைக் கேட்டு நான் தலையாட்டினேன். அந்தத் தலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.)

தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். துறைமுகத்தில் பிறந்து, கப்பல்களுக்குச் சாமான் எழுதிக் கொடுத்தே காலம் தள்ளிய நான், கப்பலில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கரை மறைய முன்னரே குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் இரக்கப்பட்டு, "தம்பிக்கு எந்த ஊர், மலைநாடோ?" என்று கேட்டார். திருகோணமலை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓம் என்று தலையாட்டினேன்.

தனுஷ்கோடியில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். உள்ளே தலையணை, கொசுவுக்குக் கட்டும் நுளம்பு வலை, சவரக் கண்ணாடி, கிடங்கில் தந்த நற்சான்றிதழ், பூப்போட்ட சீத்தைத் துணியில் ஒரு மெத்தைவிரிப்பு. எனக்கென்று உலகத்தில் இருந்த அவ்வளவும் அதற்குள் இருந்தது. திரும்பி வந்து வைக்க இடமில்லை என்பதால் முழுவதையும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"எதுக்காக வர்றீங்க?"

"பெண் பார்க்க."

"பொண்ணு பாக்க வர்றீங்களா, குடி வர்றீங்களா?"

"இரண்டுக்கும்தான் ஐயா" என்றேன். அவர் நுளம்பு வலையை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். அந்த மனிதருக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

வாத்தியார் வீட்டுக்கு நாங்கள் போன அன்று தூறிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம், ஒழுக்கு இருந்தால் தெரிந்துவிடும். முன் அறையில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். வாத்தியார் மெலிந்த, மரியாதையான மனிதர். அவருடைய மகன், என் வயதுக்காரன், கதவில் சாய்ந்து நின்றான். நடேசன் எங்களை அறிமுகப்படுத்திவிட்டு ஓரமாக இருந்தான்.

"பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?" என்று வாத்தியார் கேட்டார்.

நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு, "ஒழுகேல்லை" என்றேன்.

மாமா எழும்பிப் போய்ச் சுவரில் காதை வைத்து விரல் முட்டியால் தட்டினார். இரண்டு அடி தள்ளி இன்னொரு தட்டு. எங்கள் ஊரில் இது சாதாரணம். மாப்பிள்ளை பகுதி வந்தால் வீட்டையும் வளவையும் சுற்றிப் பார்க்கும். பெண் பகுதி பெருமையோடு கூடவே வந்து காட்டும். இங்கே ஒருவரும் கூட வரவில்லை. நடேசன் மட்டும் என்னைப் பார்த்து ஏதோ கண்ணால் சொன்னான். அதையும் நான், உற்சாகப்படுத்துகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

"செங்கட்டிதான், நல்ல வேலை" என்றார் மாமா. "தம்பி, பின்னுக்குப் போய்க் கிணத்தைப் பார். தண்ணி உவரெண்டால் ஆயுசுக்கும் கரைச்சல்."

போனேன். பின் வளவில் புதிதாகக் கட்டிய ஓர் அறை, பூச்சு இன்னும் காயவில்லை. எங்களுக்காகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்க நெஞ்சு நிறைந்துவிட்டது. கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன். பிறகு குடையைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றில் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தேன். எங்கள் கடற்கரைக் கிணறுகளின் உப்புக்கரிப்பு அதில் கொஞ்சமும் இல்லை. நல்லாய் இருக்கிறதே என்று இன்னொரு வாய் குடித்தேன்.

அந்த நேரத்தில்தான் முன் அறைக்குக் காமாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பட்டுச் சேலை உடுத்து, காப்பித் தட்டோடு வந்து, ஒரு வெறுங் கதிரைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். மாமாவோ சுவரோடு இருந்தார். தட்டை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். கடைசியில் அவளே அதை அந்தக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகன்காரன் கிணற்றடிக்கு வந்தான்.

"தங்கச்சி வந்து நின்னுட்டு உள்ள போயிருச்சுங்க."

என் வாய் நிறையத் தண்ணீர். விழுங்கிவிட்டு, "உவர் இல்லை" என்றேன்.

நான் ஓடி வந்தபோது மாமா தன் கதிரைக்குத் திரும்பியிருந்தார், என் கதிரையில் காப்பி மட்டும் இருந்தது. இருக்க வேறு இடமில்லாமல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பது கேட்டது. வாத்தியார் அந்த நிலையிலும் நல்ல மனிதராகவே இருந்தார்.

"பரவால்ல, திரும்பக் கூப்பிடுறேன். மொதல்ல பெரியவங்க பேசிக்குவோம். தம்பிக்கு ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்."

கேட்டேன்.

"அந்தப் புது அறை எங்களுக்கோ ஐயா?"

"யாருக்கு?"

"எனக்கும் உங்கட மகளுக்கும்."

கதவில் சாய்ந்து நின்றவன் நிமிர்ந்தான். "அது என் ரூம். தை பொறந்தா எனக்குக் கல்யாணம்."

வாத்தியார் கையைக் காட்டி அவனை அடக்கினார். "தம்பி, கல்யாணம் ஆனா பொண்ணை உங்க வீட்டுக்குத்தானே கூட்டிட்டுப் போவீங்க?"

"எங்கட வீடு தங்கச்சிக்கு ஐயா."

"அப்ப எம் பொண்ணு எங்க இருக்கும்?"

"இங்கதான்."

"நீங்க?"

"நானும் இங்கதான்."

வாத்தியாரும் அண்ணாந்து முகட்டைப் பார்த்தார். (முகடு உண்மையிலேயே ஒழுகவில்லை.)

"சிலோன்ல ஆம்பளைக்கு வீடு கிடையாதா?" என்று அவர் கேட்டது கேலியாக இல்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எங்கட பக்கத்தில பெம்பிளைப் பிள்ளையளுக்குத்தான்."

"எங்க பக்கத்துல பசங்களுக்குத்தான்" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் ஊரில் பெண்ணுக்கு வீடில்லை, எங்கள் ஊரில் ஆணுக்கு வீடில்லை. அவருடைய மகனுக்கும் என் தங்கச்சிக்கும் முடிச்சுப் போட்டிருந்தால் இரண்டு வீடு தேறியிருக்கும். எனக்கும் காமாட்சிக்கும் போட்டால் தலைக்குமேல் ஓர் ஓலைகூட மிஞ்சாது.

வாத்தியார் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "தம்பி முகத்துல கபடம் இல்ல. மில்லுல வேலை இருக்குன்னு நடேசன் சொல்றான். இதே தெருவுல வாடகைக்கு ஒரு வீடு பாத்துக்குங்க. நான் பொண்ணைக் கொடுக்குறேன்."

நான் வாயைத் திறக்க முன்னர் மாமா எழும்பிவிட்டார். "எங்கட பிள்ளை வாடகை வீட்டில இருந்து பெண்சாதி வைச்சிருக்கிறதோ? எங்கட ஊர் ஆக்கள் என்ன கதைப்பினம்? எழும்படா தம்பி."

நான் எழும்பினேன். காப்பித் தட்டை வைக்க இடம் தேடி, மாமாவின் கதிரையில் வைத்தேன். விறகுக் கொட்டிலில் படுக்கிற எனக்கு வாடகை வீடு மரியாதைக் குறைவாகப் பட்டதை என்னவென்று சொல்வது.

படியில் இறங்கும்போது குடையைக் கிணற்றடியில் விட்டது ஞாபகம் வந்தது. சுற்றிக்கொண்டு போனேன். காமாட்சி அங்கே நின்றாள். பட்டுச் சேலை மாற்றியாகிவிட்டது. என் குடையைச் சுருக்கித் துலாக்காலில் சாத்தியிருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தண்ணி நல்லாருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"ஓம். நல்ல தண்ணி."

"இந்தத் தண்ணி எனக்கும் கல்யாணம் வரைக்குந்தாங்க."

நக்கலாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருவது போலச் சொன்னாள். ஆனால் அது எனக்குத் தெரிந்த விஷயம். இந்த உலகத்தில் அதை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. பிறந்த வீட்டில் விருந்தாளியாய் இருப்பது எப்படி என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இவளோடு நான் எந்தக் கொட்டிலிலும் இருப்பேன் என்று அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் தோன்றியது. வாத்தியார் சொன்னதற்குச் சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாமா தெருவில் நின்று கத்தட்டும்.

நான் கிணற்றுக் கயிற்றைப் பார்த்தபடி சொன்னேன்: "கயிறு இத்துப் போச்சு. மாத்தச் சொல்லுங்கோ."

குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் தெருவிலேயே மில், எந்த முகத்தோடு அங்கே கணக்கு எழுதுவது? அந்த வேலையும் போயிற்று. திரும்பும் கப்பலில் எனக்கு வாந்தி வரவில்லை, அதற்கும் மனமில்லை. தனுஷ்கோடியில் பெட்டியைத் திறந்தவர் வேறு ஆள் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

மலரின் கலியாணம் நன்றாக நடந்தது. நான் ஊருக்குள்ளேயே ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தேன். பிறகு ஒரு கடையில் வேலை கிடைத்தது. கலியாணப் பேச்சும் இடையிடையே வரும். ஆனால் அதற்குள் மாமா எங்கள் இந்தியப் பயணத்தை ஊர் முழுக்கச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டிருந்தார். (தான் சுவரில் காதை வைத்ததை மட்டும் விட்டுவிடுவார்.) வரும் பேச்சு வந்த வழியே போகும். இன்றைக்கும் அதே வாடகை அறைதான். வீட்டுக்காரர் மூன்று தடவை மாறிவிட்டார், நான் மாறவில்லை.

ஞாயிறுகளில் மலர் வீட்டில் சாப்பாடு. எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணைப் பார்க்க யார் வந்தாலும், "மாமாவின்ர கதிரையைக் கிணத்தடியில போடுங்கோ" என்று என்னைச் சீண்டி ஒரு குரல் கட்டாயம் எழும்பும். போன மாதம் மலரின் மூத்தவளைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பொடியன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான், முகட்டைப் பார்த்தான், கிணற்றை எட்டிப் பார்த்தான். அவனைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு அந்த மூத்த மருமகள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மாமா, அந்தப் பெம்பிளை எப்பிடி இருந்தவ?"

அந்த வீட்டை இப்போது கேட்டாலும் சொல்லுவேன். கிழக்குப் பார்த்த வாசல், முன் அறைக்கு இரண்டு யன்னல், முகட்டில் பனை மரத்துச் சலாகை, வலது மூலையில் மாற்றிய ஓடு, பின்னால் காயாத பூச்சோடு ஒரு புது அறை. அவளிடமும் அதைத்தான் சொல்லத் தொடங்கினேன்.

"வீட்டைக் கேக்கேல்லை மாமா. முகம்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். குசினியிலிருந்து மலர் சிரித்தாள். மருமகள் சிரிக்க எடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.