பெரியக்கா இருமிய பக்கம்

நூல் வெளியீட்டு விழாவுக்கு வருகிறவர்களில் ஒருவரும் அந்த நூலை வாசித்திருக்க மாட்டார்கள். இன்னும் வெளிவராத புத்தகத்தை எப்படி வாசிப்பது? ஆகவே நயவுரை ஆற்றுகிறவர் என்ன சொன்னாலும் அன்றைக்கு அதுதான் வேதவாக்கு. இந்தத் தைரியத்தில்தான் நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டப மேடையில் ஏறினேன்.

நூலை எழுதியவர் ஆரணியின் அப்பா. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் எழுதிய முதல் நாவல். ஆரணியும் நானும் கோட்டைக்குப் போகும் கரையோர ரயிலில் பழகி, ஒருவரை ஒருவர் கல்யாணம் கட்டுவது என்று முடிவு செய்திருந்தோம். அந்த முடிவு ரயிலுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. ஆரணி என்னைத் தன் அப்பாவிடம் 'நல்ல வாசகர்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அவரும் நயவுரைக்கு என்னையே பிடித்து, நூலின் பிரதியொன்றை முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தார்.

"அப்பாவுக்கு வாசிக்கிற ஆக்களெண்டால் உயிர். நீங்கள் நல்லாக் கதைச்சீங்களெண்டால் அண்டைக்கே எங்கட விஷயத்தைச் சொல்லிடுவன்" என்றார் ஆரணி. "முழுக்க வாசிச்சிட்டீங்கள்தானே?"

"என்ன கேள்வி இது?" என்றேன். (கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்பவன் என்ன செய்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியும்.)

நான் வாசிக்காதவன் அல்லன். அதிகம் வாசிப்பவன். ரயிலுக்கு ஒரு புத்தகம், சோறு வேகும்வரை ஒரு புத்தகம், படுக்கையில் ஒரு புத்தகம். அண்மைக்கால நாவல்களை இப்படி மூன்று பக்கமாகவும் விழுங்கியதில் எனக்கு ஒரு ஞானம் கிடைத்திருந்தது. நம்முடைய நாவல்களில் யாராவது முன்பாதியில் இருமினால், கடைசி அத்தியாயத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். சிரித்துக்கொண்டே வருகிறவர் சீக்கிரம் அழுவார். மீன்காரர் பேசாமல் நின்றால் அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கும். இந்த ஞானத்தோடு சந்தைக்குப் போய் எங்கள் மீன்காரரின் மௌனத்தை நான் ஆராய்ந்ததுண்டு. அவர் வாயில் வெற்றிலை இருந்தது.

ஆரணி அப்பாவின் நாவலில், கதாநாயகனை வளர்த்தெடுக்கும் பெரியக்கா நாற்பதாம் பக்கத்தில் இருமினார். 'சரி, அக்காவுக்கு நாள் குறித்தாயிற்று' என்று நினைத்துக்கொண்டேன். மேலும் ஒரு பக்கம் வாசித்தேன். அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து ஒரு துப்பறியும் நாவல் வந்து சேர்ந்தது. கொலைகாரன் யார் என்று தெரியாமல் எப்படி உறங்குவது? பெரியக்காவின் முடிவுதான் எனக்குத் தெரியுமே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

விழா அன்று முதற்பிரதி பெறவேண்டிய தொழிலதிபர் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் வழியில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டார். சபையைச் சும்மா வைத்திருக்க முடியாது என்று வெளியீட்டுக்கு முன்பே என் நயவுரையை வைத்தார்கள். வெளிநாட்டு உறவினர்களுக்காக நிகழ்ச்சி நேரலையில் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஆரணியும், அவர் பக்கத்தில் மயில்கழுத்து நிறச் சேலை உடுத்த ஒரு அம்மாவும் இருந்தார்கள். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இலக்கிய ஆர்வலராக இருக்கும் என்று நானும் அவரைப் பார்த்தே பேசினேன்.

நன்றாகத்தான் தொடங்கினேன். மொழி நடை, மண்வாசனை எல்லாம் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தினேன்.

"பெரியக்கா நாற்பதாம் பக்கத்தில் இருமியபோதே என் நெஞ்சு பதறியது. அந்த இருமல் அவரைக் கொண்டுபோய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. கொண்டுபோய்விட்டது! பெரியக்காவின் மரணத்தை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை."

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. என் பேச்சு வேலை செய்கிறது என்று நினைத்தேன். ஆரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பாவம், அழுகிறார் என்று நினைத்தேன். பின்னால் இருந்த விழாத் தலைவர் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். நம் மேடைகளில் தலைவர் சேர்ட்டை இழுத்தால் 'நேரம் முடிந்தது' என்று பொருள். தன்மானமுள்ள பேச்சாளன் எவனும் அதற்கு நிறுத்த மாட்டான். நான் பெரியக்காவின் இறுதி ஊர்வலம்வரை போனேன். மழைகூடப் பெய்ய வைத்தேன். தலைவர் இழுத்த இழுப்பில் சேர்ட்டுப் பொத்தான் ஒன்று அறுந்து ஒலிவாங்கியில் பட்டது.

அப்போது மயில்கழுத்துச் சேலை எழுந்து நின்றது. ஒருமுறை இருமியது.

"தம்பி, ஒரு சின்னச் சந்தேகம். நான் எத்தினையாம் அத்தியாயத்தில செத்தனான்?"

சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"கடைசிக்கு முந்தின அத்தியாயம், அம்மா."

"அதிலதானே நான் மெரின் டிரைவில கார் ஓடப் பழகுறன்!" என்றார் அவர். "உந்த நாவல் முழுக்க டைப் பண்ணினது நான்தான் தம்பி. செத்திருந்தால் எனக்குத் தெரியாமல் இருக்குமே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது முன்னால் சபை இல்லை. மண்டபமே கூரை அதிரச் சிரித்தது. சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர்: நூலாசிரியரும் நானும். அந்த அம்மாதான் நாவலின் பெரியக்கா, ஆரணியின் அப்பாவுடைய சொந்த அக்கா, ஆரணிக்கு மாமி, கல்யாணம் கட்டாமல் தம்பியை வளர்த்தெடுத்தவர், அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் திரைச்சீலைகூட மாற்றமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மாப்பிள்ளை எடுப்பதைச் சொல்லவா வேண்டும்!

அதற்குள் நேரலையை அரைகுறையாகப் பார்த்த ரொறொன்ரோ உறவினர்கள் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். லண்டனிலிருந்து ஒருவர் போன் எடுத்து அழுதார். மாமி போனை வாங்கி, "ஓம், செத்த ஆள்தான் கதைக்கிறன், நீ சாப்பிட்டியோ?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். தேநீரும் ரோல்ஸும் பரிமாறுமுன் வெளியேறிவிட்டேன்.

காலி வீதியில் முச்சக்கர வண்டியில் ஏறினேன். சாரதி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.

"மள கெதரகடத அய்யே?" என்றார். (சாவீட்டுக்கா போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்கிறார்.)

அங்கிருந்துதான் வருகிறேன் என்று சொல்லும் அளவுக்கு எனக்குச் சிங்களம் வரும். சொல்லத்தான் தெம்பில்லை.

இரண்டு நாள் ஆரணி பேசவில்லை. ரயிலில் வேறு பெட்டியில் ஏறினார். மூன்றாம் நாள் ஒரு செய்தி மட்டும் அனுப்பினார்: 'மாமி உங்களை வீட்டை வரட்டாம். புத்தகத்தை முழுக்க வாசிச்சிட்டு.'

அன்று இரவு துப்பறியும் நாவலை மூடி வைத்துவிட்டுப் பெரியக்காவோடு இருந்தேன். இருமல் சாதாரணச் சளித் தடிமன். இரண்டு பக்கத்தில் கொத்தமல்லிக் குடிநீரோடு மாறிவிடுகிறது. தம்பியைப் படிப்பித்து, ஆளாக்கி, எல்லாக் கடமையும் முடிந்தபின் அறுபது வயதில் அவர் கார் ஓடப் பழகுகிறார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பயத்தில் கடவுளைக் கூப்பிடும் தம்பி. வேறொன்றும் நடக்கவில்லை. ஒருவரும் சாகவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். எத்தனை நாவல்களில் எத்தனை பேரைப் புதைத்துப் பழகியிருந்தால், ஒரு மனுஷி உயிரோடு இருக்கக்கூடும் என்பதே எனக்குத் தோன்றாமல் போயிருக்கும்! மேடையில் பொய்யாகச் சொன்ன சோறு அன்றுதான் உண்மையில் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனேன். ஆரணியின் அப்பா பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். மாமி என்னை எதிரே இருத்தினார்.

"இப்ப சொல்லும். நான் முதல் நாள் கார் எடுக்கேக்க என்ன நடந்தது?"

"பின்னுக்கு எடுத்து இளநீர்க்காரற்ற குலையை இடிச்சனீங்கள், மாமி."

"அதுக்கு இவன் என்ன செய்தவன்?" என்று மாமி பத்திரிகையைக் காட்டிக் கேட்டார்.

"இறங்கி ஓடினவர்."

பத்திரிகைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"இவன் வாசிச்சிட்டான்" என்றார் மாமி, பத்திரிகையைப் பார்த்து. "பிள்ளையைக் குடுக்கலாம். ஆனால் என்ர செத்தவீட்டில இவன் பேசக்கூடாது. ஒருக்காப் பேசினதே காணும், போதும்."

எங்கள் கல்யாணக் காரை மாமிதான் ஓட்டினார். மாமனார் முன்சீட்டில் இருந்து கடவுளைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் இருமினாலும் மற்றவர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தினையாம் பக்கம்?"

போன மாதம் மாமிக்கே ஒரு வாரமாக நிற்காத இருமல். யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆரணியின் முகம் வெளிறிப் போயிருந்தது. பொரளையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "எப்ப இருந்து அம்மா இந்த இருமல்?" என்று கேட்டார்.

மாமி மூச்சை இழுத்து, என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவரைக் கேளுங்கோ டொக்டர். நாற்பதாம் பக்கத்தில இருந்து இவர்தான் கணக்கு வைச்சிருக்கிறார்."

டாக்டர் விழித்தார். குடிக்க ஒரு பாணி மருந்தும் ஓய்வும் போதும் என்று எழுதித் தந்தார். திரும்பி வரும்போது மாமி கார்ச் சாவியைக் கேட்டார். கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் போய் இருந்தேன்.