உங்கள் வீட்டில் நான் உட்காராத காரணம்

பெரம்பலூர்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் அழகேசன் அவர்களுக்கு, பாலசுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை பரிமளாவும் நலம். அதாவது, இன்றைக்கு நான் நலம். ஏழு தடவை கூப்பிட்டும் நீங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

திங்கட்கிழமை எங்கள் மகள் சத்யா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது நான் உங்கள் வீட்டில் உட்காரவில்லை. நின்றபடி வைத்த பத்திரிகை செல்லாது, தாய்மாமன் சீரோடு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். நடந்ததை மட்டும் கேளுங்கள்.

சர்க்கரை கூடிவிட்டது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னதால் சனிக்கிழமை காலை ஜிம்முக்குப் போனேன். அங்கே சொல்லித்தரும் மகேஷ், இருபது தடவை உட்கார்ந்து எழச் சொன்னார். பக்கத்தில் ஒருவர் அறுபது எடுத்தார். நானும் அறுபது எடுத்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொடை இறுகியது. திங்கட்கிழமை பஸ் படியில் என் காலை நானே கையால் தூக்கி வைத்தேன். மகேஷுக்குப் போன் போட்டால், "பழக்கமில்லாத சதை சார், உள்ளே சின்னச் சின்னதா கீறல் விழுந்திருக்கும். உடம்பே சரி பண்ணிக்கும். ரெண்டு மூணு நாள் வலி உச்சத்துல இருக்கும், அப்புறம் தானா இறங்கிடும். படுத்தே கிடக்காம மெதுவா நடங்க" என்கிறார்.

முதலில் செந்துறையில் உங்கள் சித்தி வீடு. தாழ்வான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தால் நாற்காலியும் கூடவே வருகிறது. இரண்டு பேர் என்னைத் தூக்க, ஒருவர் அதை உருவினார். "அய்யய்யோ, ஒரு பக்கம் இழுத்துக்கிச்சா?" என்று சித்தி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

அதனால்தான் அடுத்து ஆண்டிமடத்தில் உங்கள் வீட்டுக்கு வந்ததும் நின்றேன். "என்ன மாப்ள, எங்க வூட்டு நாற்காலில முள்ளா இருக்கு?"ன்னு கேட்டீங்க. பதில் சொல்லியிருப்பேன். ஆனா சத்யாவுக்குப் பார்த்த மாப்பிள்ளையோட பெரியப்பா உங்க பக்கத்துல உட்கார்ந்து முந்திரிப்பருப்பு தின்னுக்கிட்டு இருந்தாரு. பொண்ணோட அப்பாவுக்குக் கால் வரலைன்னு அவர் காதுல விழலாமா? "பஸ்ஸுக்கு நேரமாச்சு மச்சான்"னுட்டேன். பஸ் வர ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. தெருமுனையிலயே நின்னேன். பெஞ்சு காலியாதான் கிடந்துச்சு, அதுலயும் உட்காரலை, விசாரிச்சுப் பாருங்க.

நேத்து பாதி வலி போச்சு, இன்னிக்கு சுத்தமா இல்ல. மணைப்பலகையைப் போட்டு அஞ்சு தடவை சம்மணம் போட்டு எந்திரிச்சுப் பார்த்துட்டேன். பரிமளாதான் மூணு நாளா சரியா சாப்பிடல. "எங்கண்ணன் இல்லாம கல்யாணமா?"ன்னு அழுவுறா. ஞாயிற்றுக்கிழமை திரும்ப வர்றோம். நீங்க போதும்ங்கிற வரைக்கும் உட்கார்றேன்.

அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும். எல்லாருக்கும் நல்லதே நடக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள பாலசுந்தரம்

பி.கு. (சனிக்கிழமை): மாமா, சத்யா எழுதுறேன். அப்பாவால பேனா பிடிக்க முடியல. காலுக்கு ஓய்வு குடுத்துட்டு கைக்கு மட்டும் பண்றேன்னு நேத்து ஜிம்முக்குப் போயிட்டாங்க. பக்கத்துல யாரோ எண்பது எடுத்தாங்களாம். நாளைக்கு உங்க வூட்ல நல்லா உட்காருவாங்க, ஆனா கும்பிட முடியாது, தட்டும் நீட்ட முடியாது. தபால்ல போடாம விட்டுப்போன இந்த லெட்டரை முதல்ல அம்மா குடுப்பாங்க. படிச்சதும் அப்பா சட்டைப்பையிலேர்ந்து பத்திரிகையை நீங்களே எடுத்துக்கங்க.